பெரியவளைத் துளைத்தவள்

எதைக் கேட்டாலும் அவள் வாயில் முதலில் வருவது "தெரியலைம்மா" என்பதுதான். மழை வருமா என்றால் தெரியலை. சிதம்பரம் பஸ் போய்விட்டதா என்றால் தெரியலை. அவள் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு போகும் என்று எங்கள் தபால்காரர் சொல்வார். அத்தனை படித்தவளுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று நான் முதலில் ஏளனமாகத்தான் நினைத்தேன்.

எனக்கு மகள் வயது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன். பெயர் வேண்டாம். எழுதினால் "எதுக்கும்மா என் பேரு, மரத்தப் பத்தி எழுதுங்க" என்பாள்.

நான் சவுக்கு நாற்று விடுகிறவள். ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில், ரயில் பாதைக்குக் கிழக்கே, மணல்பாங்கான இரண்டு ஏக்கர் எனக்கு. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், எழுத்துக் கூட்டி இப்படி எழுதுவேன். பேங்கிலும் தாலுகா ஆபீசிலும் "ஒனக்கு என்னா தெரியும், சும்மா இரு" என்று சொல்லிச் சொல்லியே என்னை நிற்க வைத்தார்கள். அதனால் நான் ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். என் நிலத்துக்கு வந்து கேட்கிற எவனுக்கும் தெரியாது என்று சொல்வதில்லை. தெரிந்தாலும் ஒரு பதில், தெரியாவிட்டாலும் ஒரு பதில்.

என் கிணற்றடியில் ஒரு சவுக்கு இருந்தது. பெரியவள் என்று கூப்பிடுவேன். ஒரு கோணல் இல்லை, ஒரு கவை இல்லை. பக்கத்துப் பனையைத் தாண்டி நிமிர்ந்து நின்றாள். அவள் காயைப் பறித்துச் சாக்கில் காயவைத்தால் மூன்றாம் நாள் வெடித்து, ஈசல் இறகு மாதிரி விதை கொட்டும். எறும்பு தூக்கிப் போகாமல் காத்து, மணலோடு கலந்து பாத்தியில் தூவி, வைக்கோல் மூடி, பூவாளியால் தண்ணீர் விடுவேன். அந்த நாற்றுக்குக் கிணற்றடி நாற்று என்றே பெயர். கரும்பு வெட்ட ஆள் கிடைக்காமல் சவுக்குக்கு மாறின நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் ஆட்கள் டெம்போ பிடித்து வந்து வாங்கிப் போவார்கள். கேட்பவர்கள் ஜாஸ்தியானதும், பெரியவளின் பிள்ளைகளையே அவளைச் சுற்றி மூன்று வரிசை நட்டு, அவற்றிலிருந்தும் காய் எடுத்தேன். வேறு விதை ஒன்றுகூட என் பாத்தியில் விழ விட்டதில்லை. அதுதான் என் பெருமை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த மறு வருஷம் அந்தப் படித்தவள் முதல் தடவை வந்தாள். பின் குத்தின பருத்திப் புடவை, ஆம்பிளை வாட்ச், தோளில் நீளப் பை. சிதம்பரம் பக்கத்துக் காலேஜில் மரத்தை ஆராய்கிறவள் என்றாள். பெரியவளை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் பையிலிருந்து ஒரு இரும்புக் கோலை எடுத்தாள். திருகாணி மாதிரி முனை, உள்ளே குழல்.

"ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கட்டுமாம்மா?"

"எம்மரத்த ஓட்ட போடறதுக்கா சிதம்பரத்துலேர்ந்து பஸ் ஏறி வந்தீங்க?"

"ஆமாம்மா."

பொய் சொல்லத் தெரியாதவளோடு எப்படிச் சண்டை போடுவது. "நல்ல மரமா இல்லியான்னு பாத்தாலே தெரியலியா ஒங்களுக்கு?" என்றேன்.

"தெரியலைம்மா. வெளியில நல்லாத்தான் இருக்கு. உள்ள பாக்கணும்."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தவுங்ககூட இப்பிடி ஒரு வார்த்த கேக்கல."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் விட்டேன். கோலைத் திருகித் திருகி உள்ளே இறக்கி, பென்சில் பருமனுக்கு ஒரு குச்சியை மரத்துக்குள்ளிருந்து உருவி எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா ஒன்றுக்குள் அதைப் பத்திரமாகச் செருகி, மேலே பேனாவால் எழுதினாள்.

நான் சாணியில் வேப்பெண்ணெய் விட்டுக் குழைத்து ஓட்டையை அடைத்தேன்.

"அது எதுக்கும்மா?"

"காயம் ஆறும்."

"எப்படித் தெரியும்?"

குதர்க்கமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நாற்பது வருஷமாக நான் அடைக்கிறேன், என் மாமியார் அடைத்தார், எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. அடுத்த முறை வந்தபோது இரண்டு ஓட்டை போட்டாள். "ஒண்ணுல சாணி வைங்க. ஒண்ணு சும்மா இருக்கட்டும். பாப்போம்" என்றாள். சும்மா விட்டதற்கு மேலே ஒரு ஆணி அடித்து அடையாளம் வைத்தோம்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வருவாள். எங்கள் ஊர் சனங்களுக்குப் படித்தவர் என்றால் எல்லாம் படித்தவர்தான். முதுகுவலிக்கு என்ன மாத்திரை என்பார்கள். பட்டா மாற்ற எந்த ஆபீஸ் என்பார்கள். எல்லாருக்கும் ஒரே பதில். என் நாத்தனார் பஸ் ஸ்டாப்பில் வைத்தே சொன்னாள்: "ஏண்ணி, இந்தம்மாவுக்கு எவன் சம்பளம் குடுக்கறான்? எனக்கும் ஒண்ணும் தெரியாது, என்னையும் சேத்துக்கச் சொல்லேன்."

அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "சேத்துக்கலாங்க. ஆனா தெரியலைன்னு தினம் எழுதி வைக்கணும். அதான் வேல" என்றாள்.

ஒரு வருஷம் ஆனித் திருமஞ்சனத்துத் தேருக்குச் சிதம்பரம் போனபோது அவள் அறையில் தங்கினேன். வடக்கு வீதியில் மாடி அறை. அரிசி டின் மேல், ஜன்னல் கட்டையில், கட்டிலுக்கு அடியில், எங்கே பார்த்தாலும் மரச்சில்லு, ஒவ்வொன்றிலும் சீட்டு. தேர் வீதி திரும்பும்போது கீழ் வீட்டம்மா அவளைக் கேட்டார், "தேரு என்னா மரம்னு சொல்லேன், நீதான் மரத்துக்குப் படிச்சவளாச்சே."

"தெரியலை மாமி. இத மட்டும் யாரும் துளைக்க விடமாட்டாங்க."

அன்றைக்குத்தான் அவள் ஒரு பழைய டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினாள். உள்ளே இரண்டு துண்டு மரம். ஒன்று வெளுத்த மஞ்சள். கடலூரில் மிஷின் சாமான் வந்து இறங்குகிற பெட்டியில் இருக்குமே, கர்ப்பூரத் தைலம் மாதிரி வாசம் அடிக்குமே, அந்த மரம். இன்னொன்றும் அதே மரந்தான் என்றாள். ஆனால் அது பழைய ரத்தக்கறை மாதிரி பழுப்புச் சிவப்பு.

"பைன் மரம்மா. வெளிநாட்டுல காயிதத்துக்கும் பலகைக்கும் காடு காடா நடறாங்க. நான் படிச்சது அதத்தான். ஒரு காட்டுலயே ஒசத்தியான மரம் ஒண்ணு, வேகமா வளரும், நேரா வளரும். அதோட விதையத்தான் எல்லாரும் விரும்புவாங்க. அந்த மரம் உள்ள சாதாரணமாத்தான் இருக்கும். ஆனா அதோட பிள்ளைங்களையே அதோட சேத்து விதை எடுத்தா, நாலுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணு இப்படி வருது."

"சாயம் போட்டாப்பல இருக்கே. என்னாத்தால?"

"மரத்துக்குள்ள நாரையும் நாரையும் ஒட்டவைக்க ஒரு பசை இருக்கும்மா. அதச் செய்யறதுக்கான குறிப்பு விதையிலயே இருக்கு. அதுல எப்பவோ ஒரு எழுத்து மாறிப்போச்சு. பசை அரைகுறையா நிக்குது. நிறம் மாறிடுது. மரம் வளைஞ்சு குடுத்துடும்."

"நம்ம சவுக்குல இது உண்டா?"

"தெரியலைம்மா. அதத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

ஊருக்கு வந்து ஆறு மாதம் கழித்து, பொங்கலுக்கு முன்னால், பெரியவளைச் சுற்றி நிற்கிற பிள்ளைகளுக்குக் கீழே தானாக முளைத்த கன்றுகளைக் கழித்துக்கொண்டிருந்தேன். கணுக்கால் பருமன் வந்த ஒன்றை வெட்டிப் பட்டையை உரித்தேன். சவுக்கு முதிர்ந்தால் நடுவில் கொஞ்சம் சிவக்கும், அது வேறு. இது இளங்கன்று, விளிம்பிலிருந்தே சிவப்பு. டிபன் பாக்ஸில் பார்த்த அதே நிறம். இன்னும் இரண்டு வெட்டினேன். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு.

சிவப்பை எல்லாம் துண்டு போட்டு அடுப்பில் வைத்தேன். அடுப்புக்குச் சாட்சி சொல்ல வாய் கிடையாது. அந்த வருஷமும் அதே மரங்களிலிருந்துதான் விதை எடுத்தேன். அதே மேல்பட்டாம்பாக்கத்துக்காரர்களுக்குத்தான் நாற்றுக் கட்டினேன். அடுத்த வருஷமும்.

முதன்முதலில் சிவப்பை அடுப்பில் வைத்ததற்கு அடுத்த சனிக்கிழமை அவள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பாதி எரிந்த குச்சி ஒன்றை இழுத்து, நகத்தால் சுரண்டினாள். டீயைக் கீழே வைத்தாள்.

"இது எங்கேருந்தும்மா?"

"எங்கியோ பொறுக்குனது" என்றேன். "தெரியல."

ஆயுசில் நான் தெரியல என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதுவும் பொய்.

"எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஸ்ட்ராவுக்குள் நுழையவில்லை, கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தாள். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து பெரியவளின் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் துளைக்க ஆரம்பித்தாள்.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை மேல்பட்டாம்பாக்கத்துத் தம்பி ஒருவரிடமிருந்து போன் வந்தது. அந்தத் தம்பிக்கு நான் நாற்றுக் கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. அவர் தோப்பில் வெட்டின கம்பத்தில் நாலுக்கு ஒன்று சிவப்பு என்று மரவாடிக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். சொந்தக்காரர் வீட்டுப் பந்தலுக்கு அதையே நட்டு, இவர் மேலே ஏறினபோது கம்பம் வளைந்து கொடுத்து, விழுந்து கை முறிந்துவிட்டதாம். "சனிக்கெழம வரேன் யக்கா" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் அவள் பஸ் இறங்கி வருவதற்குள் நான் பாதி வழியிலேயே போய் நிறுத்தினேன்.

"நீ சொன்னா கேப்பாங்க. மண்ணுல கோளாறுன்னு சொல்லிடு."

"மண்ணு இல்லம்மா."

"தண்ணின்னு சொல்லு."

"தண்ணி இல்ல."

"தெரியலைன்னாச்சும் சொல்லேன்டி. ஒலகத்துல எல்லாத்துக்கும் அதத்தான சொல்ற."

அதுவரை நீங்க என்றுதான் பேசியிருக்கிறேன். அவள் கோபப்படவில்லை. பை வாரை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"தெரியாதப்பதாம்மா அதச் சொல்ல முடியும்" என்றாள்.

மூன்று பேர் வந்தார்கள். அந்தத் தம்பி கையில் கட்டுப் போட்டுத் தூளி தொங்கவிட்டிருந்தார். சிவந்த கம்பம் இரண்டைக் கிணற்றடியில் போட்டார்கள். அவள் பட்டையைச் சீவிப் பார்த்தாள், முன்பு கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போன என் அடுப்புக் குச்சியைப் பக்கத்தில் எடுத்து வைக்கவில்லை. அதை நான் கவனித்தேன். பிறகு என் பூவாளி இரண்டையும் எடுத்து முன்னால் வைத்தாள்.

"இந்தப் பெரிய மரத்துகிட்ட ரெண்டு பூவாளி இருக்குன்னு வச்சுக்குங்க. ஒண்ணு ஓட்டை. ஒண்ணு நல்லது. நல்லத வச்சு பாத்தி நனைஞ்சிடும், அதனால மரம் நல்லா இருக்கு. ஓட்டை இருக்கறது அதுக்கே தெரியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒண்ணுதான் குடுக்கும். சிலதுக்கு ஓட்டைய குடுக்கும். இன்னொண்ணு தகப்பன் மரத்துலேருந்து வரும். வெளி மரமா இருந்தா நல்லதாத்தான் வந்திருக்கும். இங்க தாயும் பிள்ளையும் அண்ணன் தங்கச்சியுமா நிக்குது. ரெண்டும் ஓட்டையா வந்த கன்னுதான் இது."

"சொந்தத்துலயே குடுத்து சொந்தத்துலயே எடுத்துருக்கா யக்கா. சொத்து வெளிய போவக் கூடாதுன்னு" என்றார் கூட வந்தவர். யாரும் சிரிக்கவில்லை.

கை முறிந்த தம்பி அவளையே பார்த்துக் கேட்டார். "நீங்க படிச்சவுங்க, பொய் சொல்ல மாட்டீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது இந்த யக்காவுக்கு முன்னாடியே தெரியுமா?"

கிணற்று மேல் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்து, எழுந்து போயிற்று. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என் பெயர் தப்பும். அவள் வாயில் சாதாரணமாக வருகிற வார்த்தைதானே.

"மரத்துக்குள்ள இருந்தத நான் சொல்லிட்டேன்" என்றாள். "இது மரத்தத் துளைச்சுப் பாத்து சொல்றது இல்லிங்க. அவுங்களத்தான் கேக்கணும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவே இல்லை. பூவாளியின் மூக்கில் ஒட்டியிருந்த பாசியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்திருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன். பார்க்காததால்தான் சொல்ல முடியவில்லை.

"தெரியும்" என்றேன். "ரெண்டு வருஷமாத் தெரியும். ஒனக்குக் குடுத்தப்ப தெரியாது தம்பி. அதுக்கப்பறம் ஒன் பங்காளிங்களுக்குக் குடுத்தப்ப தெரியும்."

அந்தத் தம்பி கத்தியிருந்தால் தேவலை. "நாலு வருஷம் யக்கா" என்று மட்டும் சொன்னார். வேறு நாற்று தருகிறேன் என்றேன். "ஒன் நாத்தே வாணாம்" என்று போய்விட்டார்கள். கம்பத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் பாத்தியில் நாற்று முழங்கால் உயரம் வளர்ந்து, பிடுங்க ஆளில்லாமல் நின்றது. நான் அவளோடு மூன்று மாதம் பேசவில்லை. அவள் வருவாள், துளைப்பாள், எழுதுவாள், கொளுத்துகிற வெயிலில் தானே கிணற்றில் இறைத்துக் குடித்துவிட்டுப் போவாள். ஒரு நாள் ஆள் வைத்துப் பெரியவளை வெட்டச் சொன்னேன். கோடாலிக்காரர் கயிறு கட்டும்போது அவள் வந்து மரத்துக்குக் குறுக்கே நின்றாள்.

"வேணாம்மா."

"இன்னும் என்னா இருக்கு இவகிட்ட, என் மானம் போனதுக்கப்பறம்?"

"இந்தச் செவப்பு மரம் காயிதக் கூழுக்கு வேகவச்சா சீக்கிரம் வெந்துடும்னு பைன்ல சொல்றாங்க. பசை லேசுல கழண்டுடுமாம். சவுக்குலயும் அப்படியா, தெரியலை. இவள வெட்டிட்டா தெரிஞ்சுக்கவே முடியாது. இவ நல்ல மரம்மா. இவளுக்கு வெளியில சம்பந்தம் பாத்திருக்கணும், அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதக் கோபம் அதோடு போயிற்று. கோடாலிக்காரரிடம் பிள்ளைகள் மூன்று வரிசையையும் காட்டினேன். அவை போயின. பெரியவள் நின்றாள்.

பிறகு அவள் அங்கங்கே அலைந்து, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஏழு மரத்து விதை கொண்டுவந்தாள். சீட்டு எழுதிக் குச்சியில் கட்டினாள். மழையில் எழுத்து கரைந்தது. நான் பழைய புடவைக் கரைகளைக் கிழித்து, ஒரு தாய்க்கு ஒரு கரை என்று பாத்திக்குப் பாத்தி கட்டினேன். அவள் நோட்டிலும் அதற்கப்புறம் "பச்சைக் கரை", "மாம்பழக் கரை" என்றுதான் எழுதினாள்.

ஒரு வருஷம் அதையும் பார்த்தாள். பிறகு வடக்கே எங்கேயோ மாற்றலாகிப் போனாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அந்த மார்கழி நடுவில் அடித்த புயலில் கடலூர் ஜில்லாவே படுத்துவிட்டது. முந்திரி, பலா, சவுக்கு, எதுவும் மிச்சமில்லை. பெரியவள் வேரோடு சாய்ந்து கிணற்றுச் சுவரை இடித்துக்கொண்டு கிடந்தாள். தை பிறந்து கரண்டும் போனும் வந்த பிறகு அவளுக்குப் போன் போட்டேன்.

"பெரியவ வுழுந்துட்டா."

"உள்ள எப்படிம்மா இருந்தா?"

"நடுவுல முதிர்ந்த செவப்பு. விளிம்பு பூரா வெள்ள. நீ சொன்னாப்பலதான், அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"மேல்பட்டாம்பாக்கத்துக்காரரு?"

"நேத்து வந்தாரு. தோப்பே போச்சாம். இந்த நாத்து நல்லா வருமான்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"ஏழு தாய்க்குப் பொறந்தது, சொந்தம் கலக்கல, அது மட்டும் தெரியும். நாலு வருஷம் கழிச்சி பட்டைய உரிச்சாத்தான் மிச்சம் தெரியும்னேன். கோணக் கைய ஆட்டி ஆட்டித் திட்டிக்கிட்டே ரெண்டு கட்டு எடுத்துட்டுப் போனாரு."

அவள் சிரித்தாள். எனக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகத்தான் போன் போட்டேன்.

"நீ ஆணி அடிச்ச எடத்துல அறுத்துப் பாத்தேன். ரெண்டு ஓட்டையும் இருக்கு. சாணி வச்சதும் மூடிக்கிச்சு, வைக்காததும் மூடிக்கிச்சு. உள்ள ரெண்டுலயும் கறுப்புக் கோடு. சாணி வச்சதுல கோடு அர வெரல் நீளம் கம்மி."

"அப்போ சாணி வைக்கிறது நல்லதாம்மா?"

என் மாமியார் அடைத்தது. நான் நாற்பது வருஷம் அடைத்தது. அறுத்த வில்லையை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு கோட்டையும் பார்த்தேன்.

"ஒரு மரத்த வச்சி எப்பிடிச் சொல்றது. தெரியலம்மா" என்றேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஏம்மா, இருக்கியா?"

"இருக்கேம்மா" என்றாள். "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."